லாயத்துக்குள் வந்த புல்வெளி

நாணற்காட்டுச் சிங்கராசனுக்கு ஓர் ஆசை பிறந்தது. மனித மன்னர்கள் குதிரையேறிப் பவனி வருகிறார்களாம்; தானும் வர வேண்டும்! ஓநாய்களுக்கு அஞ்சி அலைந்த செங்குளம்பன் என்னும் குதிரைக்கு அபயம் அளித்து, புல்வெளியின் ஓரத்திலே தேக்குமரத்தால் லாயம் கட்டி, உள்ளே அடைத்தது.

வேளை தவறாமல் கொள்ளு வந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை. ஒரே மாதத்தில் செங்குளம்பன் தீனியை வெறுத்துத் தேக்குச் சட்டத்தைக் கடிக்கத் தொடங்கிற்று. தலையை இடமும் வலமும் ஆட்டியபடியே நின்றது. கால்கள் வீங்கின.

"பௌர்ணமியன்று பவனி! அதற்குள் தேறினால் நீ வாகனம், தேறாவிட்டால் விருந்து!" என்று கர்ஜித்தது சிங்கம்.

வைத்தியம் பார்க்க, அரசவை வைத்தியரான கரடி வந்தது. "வைத்தியரே, கதவைத் திறந்துவிடுங்கள், போதும்! காலாற ஓடிவிட்டு நானே திரும்பி வருவேன்" என்று அதனிடம் கெஞ்சிற்று செங்குளம்பன்.

"நோயாளி வைத்தியம் சொல்வதா? வெளியே முள் உண்டு, பள்ளம் உண்டு, ஈ உண்டு. உனக்கு ஏதேனும் ஆகிவிட்டால் மன்னர் எதை உண்பார்?" என்று அதட்டியது கரடி.

பிறகு மூன்று நாள் மோவாயைச் சொறிந்து, முடிவுக்கு வந்தது. "இதற்குப் புல்வெளியே மருந்து. ஆகவே, புல்வெளியை உள்ளே கொண்டு வாருங்கள்!"

எருமை புல்லை மண்ணோடு பெயர்த்து வந்து பரப்பியது. காற்றுக்கு யானை நியமிக்கப்பட்டது. அது மூலையில் நெருக்கியடித்து நின்று காதுகளை வீசிற்று.

"யானையாரே, என் வாலை மிதிக்கிறீர்கள்!"

"பேசாதே அப்பா! காற்று யார் பேச்சையும் கேட்காது!"

ஓட்டத்துக்கு முயல் வந்தது. "அண்ணா, உமக்காக நூறு சுற்று ஓடிவிட்டேன். உடம்பு தேறிற்றா?" என்று மூச்சிரைக்கக் கேட்டது.

"உனக்குத் தேறியிருக்கும், தம்பி!"

கடைசியாக, புரள்வதற்குப் புழுதி வந்தது. கொட்ட இடமில்லை.

"மருந்து அல்லாததை வெளியே தள்ளுங்கள்!" என்று ஆணையிட்டது கரடி.

யாவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். யானை காற்று, முயல் ஓட்டம். "நான் புழுதி!" என்று எருமை முந்திக்கொண்டது. எஞ்சியவர் ஒருவரே.

"மருந்துக்கு இடைஞ்சலாக நிற்கிறாயே, வெட்கமில்லையா?" என்று கடிந்து, செங்குளம்பனைக் கதவுக்கு வெளியே தள்ளிற்று கரடி.

குதிரை ஒரு கணம் திகைத்தது. பின்பு பிடரி பறக்க ஓடிற்று, புரண்டது, மேய்ந்தது, காடு அதிரக் கனைத்தது. அந்தி சாய்ந்து, மருந்துகளெல்லாம் வீடு திரும்பியதும், தானே உள்ளே வந்து வயிறாரக் கொள்ளுத் தின்றது.

"மருந்து வேலை செய்கிறது! நாளையும் இதே அளவு!" என்று துள்ளியது கரடி.

நாள்தோறும் காலையில் மருந்து உள்ளே நுழைந்தது; நோயாளி வெளியேறிற்று. பௌர்ணமியன்று செங்குளம்பன் சிங்கராசனைச் சுமந்து பறந்தது. காட்டரசன் கண்களை இறுக மூடி, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

இறங்கியபின், கலைந்த பிடரியைக் கோதிக்கொண்டு, "செங்குளம்பா, வேண்டியதைக் கேள்!" என்றது.

"வைத்தியரின் மருந்து ஒரு நாளும் தவறக் கூடாது, மன்னா! இம்மியும் குறையக் கூடாது!"

கரடியின் கண்கள் பெருமையால் நனைந்தன. யானை மட்டும் பெருமூச்சு விட்டது.

ஓடப் பிறந்த உயிருக்கு, நாள்தோறும் திறக்கும் கதவே முதல் மருந்து.