ஆமை பேச்சை விட்டது

அந்தக் காலத்தில் கடலுக்கும் கரைக்கும் பேச்சு இருந்தது. இரண்டுக்கும் நடுவே போய்வந்து சேதி சொன்னவள் ஆமை. அப்போதெல்லாம் அவள் பட்டப்பகலில்தான் கரையேறுவாள். தை பிறந்தால் அலையிலிருந்து தலையை நீட்டி, "ஏளா, கரையில யாரு இருக்கா?" என்று குரல் கொடுப்பாள். கூத்தனளம் என்ற உப்பளத்தில் உப்பு வாருகிற பெண்கள் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அவள் குழி பறித்து, முட்டையிட்டு, மூடி முடிக்கிறவரை ஊர்வம்பு ஓடும்.

அவர்களில் ஆமைக்கு மிகவும் நெருக்கம் பெரியபிராட்டி. இருவரும் பிறந்தது அந்த மணலில்தான் என்பதால் அவள் ஆமையை அக்கா என்று கூப்பிடுவாள்.

கூத்தனளத்தில் வெயில்தான் சோறு. கடல்நீரைப் பாத்தியில் விட்டால் வெயில் அதை உப்பாக்கிக் கொடுத்துவிடும். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்திகள் மூழ்கிப்போகும். மூன்று மாதம் அடுப்பில் பூனை உறங்கும். அப்படி ஒரு கார்த்திகையில் பெரியபிராட்டியின் தலைச்சன் பிள்ளை, பால் வற்றிய மார்பில் வாய் வைத்தபடியே கண்ணை மூடியது.

பிள்ளைக்குக் குழி தோண்டியபோதுதான் அந்தக் கறுப்புக் கல் அகப்பட்டது. ஆழத்தில் அடுக்கடுக்காகக் கிடந்தது. நெருப்பில் போட்டால் மழை ஈரத்திலும் தீப்பிடித்து நின்று எரிந்தது.

அவள் கொழுந்தன் கொம்பையா அதைக் கையில் உருட்டிப் பார்த்தான். "மைனி, இதை வச்சு மழையிலயும் உப்புக் காய்ச்சலாம்" என்றான்.

முதல் சூளைக்குத் தீ வைத்தது பெரியபிராட்டியின் கை. அதன்பிறகு கூத்தனளத்தில் மழைக்காலப் பசியில் ஒரு குழந்தையும் சாகவில்லை. அதை யாரும் பொய் என்று சொல்லிவிட முடியாது. சூளைகள் பெருகின. அவற்றுக்கு இடம் வேண்டுமென்று, அலைக்குள் கால் ஊன்றிக் கரையைக் காத்து நின்ற கண்டல் மரங்களை வெட்டினார்கள். புகை மேலே போய்க் கலையாமல் ஒரு கம்பளியைப் போல வானத்தில் விரிந்து கிடந்தது.

மறுவருடம் தையில் கரையேறிய ஆமை மூக்கைச் சுளித்தாள். "என்னளா நாத்தம் இது? எதை எரிக்கீங்க?"

"கல்லுக்கா. மண்ணுக்குள்ள சும்மா கிடந்துச்சு."

"சும்மா கிடக்கலைடி. அது பழைய வெயிலு. எந்தக் காலத்து மரமோ குடிச்சுட்டு, மண்ணுக்குள்ள போய்ப் படுத்துக்கிடக்கு. ஒரு நாளைக்கு ஒரு வெயில்தான் இந்தக் கரை தாங்கும். அதோட அந்த வெயிலையும் எழுப்பி விட்டா, யாரு தாங்குவா?"

பெரியபிராட்டி தன் பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். அவள் இடுப்பில் இரண்டாவது பிள்ளை இருந்தது, கன்னம் உப்பி, கொழுகொழுவென்று.

ஆமையின் பிள்ளைகள் முட்டையை உடைத்துக்கொண்டு வரும்போதே பேசிக்கொண்டு வரும். குரலை வைத்தே மகனா மகளா என்று சொல்லிவிடலாம். அந்த வருடம் மகன் குரல் பாதிக்குப் பாதி குறைந்தது. அடுத்த வருடம் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் வருடம் நூற்றுப் பதினாறு பிள்ளைகள் மணலைக் கிளறிக்கொண்டு ஓடின. அத்தனையும் ஒரே குரல்.

"எல்லாம் பொண்ணு" என்றாள் ஆமை.

"ஏன்க்கா, பொண்ணுன்னா அவ்வளவு இளக்காரமா? நீயும் நானும் யாரு?" என்று பெரியபிராட்டி அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள்.

ஆமை சிரிக்கவில்லை. "பொண்ணு வேண்டாம்னு யாருடி சொன்னா? பொண்ணு மட்டும்தான்னா இது கடைசித் தலைமுறை. மணலு மிதமா இருந்தாத்தான் எனக்கு மகன். சுட்டா அத்தனையும் மகள். இந்தக் கொதிமணல்ல நான் மகனுக்கு எங்க போவேன்? இவளுகளுக்கு மாப்பிள்ளைக்கு எங்க போவேன்?"

பிறகு அவளே சொன்னாள்: "ஒரு வழி இருக்கு. கடலுக்கு அடியில சூரியன் கண்டிராத குளிர் ஒண்ணு படுத்துக்கிடக்கு. கரை கேட்டா எழும்பி வரும். ஆனா கிழடு. ஒரு தடவைதான் எழும்பும். நீங்க சூளையை மூடணும், கண்டலைத் திரும்ப நடணும். அடுத்த பங்குனி பௌர்ணமிக்கு அதைக் கூட்டிக்கிட்டு கடல் வந்து, 'குளிர் இருக்கா'ன்னு கேக்கும். கரையில பிறந்த ஒருத்தி தன் வாயால, 'குளிர் இல்லை'ன்னு சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்லுதேன்க்கா."

ஊர் கூடியது. கொம்பையா எழுந்து, "ஆமைக்கு ஆம்பிளைப் பிள்ளை பிறக்கணும்னு நாம பட்டினி கிடக்கணுமாம், கேட்டீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமைக்கு மட்டுமா?" என்றாள் பெரியபிராட்டி. "போன சித்திரையில பாத்தியில உப்புப் பூத்த அன்னிக்கே மழை வந்து கரைச்சுட்டுப் போச்சே, அது யாருக்கு? கீழத்தெருவுல கடல் ஏறி வந்து அடுப்படியில நிக்கே, அது யாருக்கு? நான்தான் தீ வச்சேன். நானே சொல்லுதேன். மூடிருவோம்."

"அப்ப ஐப்பசியில என்னத்தைத் திங்க?"

"பகிர்ந்து திம்போம். வெயில் நாள்ல கொஞ்சம் எடுத்துவைப்போம்."

முணுமுணுத்துக்கொண்டுதான் சம்மதித்தார்கள். சூளைகள் அடங்கின. பெண்கள் இடுப்பளவு சேற்றில் நின்று கண்டல் நட்டார்கள். அந்த மழைக்காலத்தை அரை வயிற்றோடு கடந்தார்கள். மாசியில் ஒரு நாள் வானத்தின் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, பழைய நீலம் தெரிந்தது. ஊரே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது.

ஒரு சங்கடம் பெரியபிராட்டியை மட்டும் உறுத்தியது. அளத்துக் குடிகளில் எது தீர்ந்தாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் அந்தச் சொல் வீட்டில் குடியேறிவிடும் என்று பயம். உப்புச்சட்டி காலியானால் உப்பு நிறைஞ்சிருக்கு என்பார்கள். அரிசிப்பானை காலியானால் அரிசி நிறைஞ்சிருக்கு என்பார்கள். கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். அந்தக் கார்த்திகையில், "பிள்ளைக்குப் பால் இருக்கா?" என்று மாமியார் கேட்டபோதுகூட அவள், "நிறைஞ்சிருக்கு அத்தை" என்றுதான் சொன்னாள். அதனால் அவள் ஆள் இல்லாத நேரத்தில் வெறும் பானைக்குள் முகத்தை வைத்து, "இல்லை, இல்லை" என்று சொல்லிப் பழகினாள்.

பங்குனி பௌர்ணமி விடிந்தது. ஊர் முழுக்கக் கரையில் நின்றது. கடல் சத்தமில்லாமல் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுகிற விருந்தாளியைப் போல அலைகளை வெளியிலேயே விட்டுவிட்டு, அவள் கால்விரலைத் தொட்டு நின்றது. அந்த நீரில் ஒரு குளிர் இருந்தது. அவள் பிறந்ததிலிருந்து அறிந்திராத குளிர். பெற்றவள் ஈரக்கையால் நெற்றியைத் தொட்டாற்போல இருந்தது.

"கரையில குளிர் இருக்கா தாயி?" என்று கடல் கேட்டது.

முன்னால், வாசலுக்கு வந்த பெரிய மனுஷியாகக் கடல். பின்னால் ஊர். இடுப்பில் பிள்ளை. பெரியபிராட்டி வாயைத் திறந்தாள். நாலு தலைமுறையாக அந்தச் சொல்லுக்கு மடங்காத நாக்கு, அன்றும் மடங்கவில்லை.

"நிறைஞ்சிருக்கு" என்றாள்.

பின்னால் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் புரிந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடல் ஒன்றுக்குத்தான் அந்த வழக்கம் தெரியாது.

"ரொம்ப நல்லது. நிறைவா இருங்க" என்று வாழ்த்திவிட்டுத் திரும்பியது.

"ஏளா! இல்லைன்னு சொல்லுடி!" என்று ஆமை தண்ணீருக்குள்ளிருந்து அலறினாள். பெரியபிராட்டி பிள்ளையோடு கடலுக்குள் ஓடினாள். "இல்லை! இல்லை! ஒண்ணுமே இல்லை!" பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கழுத்தளவு நீரில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். நீர் வெதுவெதுப்பாக இருந்தது. குளிர் இறங்கிப்போய்விட்டது.

ஆமை கரையேறினாள். நெற்றி வேர்வையைத் துடைக்கக் கை இல்லாதவள், கொதிக்கிற மணலில் குழி பறித்தாள். பெரியபிராட்டி அருகில் போய் மண்டியிட்டாள். "அக்கா, பேசேன். நாலு வசவாவது வைஞ்சுட்டுப் போயேன்."

ஆமை அவளைப் பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் இறங்கியது. வாய் திறக்கவில்லை. முட்டைகளை மூடிவிட்டு, திரும்பிப் பாராமல் நீருக்குள் போனாள்.

அன்று சாயங்காலமே கொம்பையா மண்வெட்டியை எடுத்தான். "அதான் போயிருச்சே மைனி. இனி எரிச்சா என்ன, எரிக்காட்டா என்ன?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை; அவன் குரலும் உடைந்துதான் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. பெரியபிராட்டியும் தடுக்கவில்லை. இடுப்பில் பிள்ளை பசிக்கு அழுதுகொண்டிருந்தது.

ஐம்பது நாள் அவள் அந்தக் குழிக்குக் காவல் இருந்தாள். பனையோலையால் நிழல் கட்டினாள். உச்சிவேளையில் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தாள்; மணலைத் தொடும் முன்பே அது ஆவியானது. குஞ்சுகள் கிளம்பிய காலையில் மணலோடு காதை வைத்துக் கேட்டாள், ஒரு மகன் குரலாவது கேட்காதா என்று. கேட்கவில்லை. முட்டையிடும்போது தாய் பேசுவதைக் கேட்டுத்தானே அவை பேச்சைக் கற்கவேண்டும்? அவை ஊமையாக ஓடிக் கடலில் விழுந்தன.

அன்று முதல்தான் ஆமை நம் முகத்தில் விழிக்க மனமில்லாமல் இருட்டில் கரையேறுகிறது. ஒரு வார்த்தை பேசாமல், கண்ணீர் வழிய வழிய, சுடுகிற மணலில் மகள்களை மட்டுமே புதைத்துவிட்டுத் திரும்பிப் போகிறது.