அரண்மனைக்கு வந்த மூன்று மூட்டைகள்

முன்னொரு காலத்தில், மன்னரைக் குடிகள் எல்லாரும் அறிந்திருக்க, குடிகளில் ஒருவரையும் மன்னர் அறியாத நாடொன்று இருந்தது. அந்த அறியாமையை ஆட்சித்திறன் என்று புகழ்வதற்கே அவையில் நாற்பது பேர் இருந்தனர்.

ஒருநாள் வச்சிரபாகு மன்னருக்குத் திடீரென்று ஐயம் எழுந்தது. "நம் நாட்டில் வாழ்வோர் எல்லாரும் நம்மவர்தாமா?"

அமைச்சர் மதிதரர் இதற்காகவே காத்திருந்தார். மன்னருக்கு நெருக்கமான அவை விகடன் அம்பலவன் ஆற்றுக்கு அக்கரையில், அயல்நாட்டில் பிறந்தவன் என்பது அவருக்குத் தெரியும். அன்றே ஆணை பிறந்தது: எல்லைக்குள் பிறவாதவர் எவரும் இந்நாட்டுக் குடியல்லர், பௌர்ணமியன்று பொழுது சாய்வதற்குள் வெளியேற வேண்டும், விலக்கு எவருக்கும் இல்லை.

இம்மண்ணில் பிறந்த மனைவி நாச்சியை அம்பலவன் பிரிந்தாக வேண்டும். ஆயினும் அவன் கெஞ்சவில்லை. படிக்காமலே முத்திரை பதித்தவரிடம் எதைச் சொல்லிக் கெஞ்சுவது?

பௌர்ணமியன்று அரண்மனை வாயிலில் நானூறு பேர் மூட்டைகளோடு நின்றனர். அம்பலவன் மூன்று மூட்டைகளோடு வந்தான்.

"என்னய்யா, ஒத்தை ஆளுக்கு மூணு மூட்டையா?" என்றான் காவலன்.

"ஒண்ணுதான் என்னுது. மத்ததுக்கு உரியவங்க உள்ளே இருக்காங்க."

தன் மூட்டையை நாச்சியிடம் விட்டு உள்ளே சென்றவன், ஒன்றை மன்னரின் காலடியில் வைத்தான்.

"புறப்படலாமா, அரசே? பொழுது சாய்கிறது."

"என்ன துடுக்கு இது!"

"தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். என் அன்னை அக்கரையில் பிறந்தவர். என்னை அங்கேதான் ஈன்றார். தங்கள் அன்னையாரோ மலைக்கு அப்பாலுள்ள நாட்டின் இளவரசி. தலைமகனாகிய தாங்கள் எங்கே பிறந்தீர்கள்?"

மதிதரர் துள்ளி எழுந்தார். "மன்னர் பிறந்த மண் எதுவோ, அதுவே இந்நாடு!"

"நன்று. மலைக்கு அப்பாலும் நமதே என்பதை அந்நாட்டு மன்னரிடம் அமைச்சரே நேரில் அறிவிக்கட்டும். இப்படித்தான் சொல்வார் என்று தெரிந்தே மூன்றாவது மூட்டையைக் கட்டினேன். வழிக்குப் புளிச்சோறும் வைத்திருக்கிறேன்."

அமைச்சரின் முகம் வெளிறியது. மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணையைக் கிழித்தெறிந்து, தம் முத்துமாலையை அம்பலவன் கழுத்தில் அணிவித்தார். நாற்பது பேரும் மன்னர் சிரித்த அளவே சிரித்து, அவர் நிறுத்தியதும் நிறுத்தினர்.

"ஆணை போச்சு! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" என்று காவலன் கூவினான். வாயிலில் நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்போ மூட்டையைப் பிரிச்சிடலாமா?" என்றாள் நாச்சி.

அம்பலவன் முத்துமாலையைக் கழற்றி மூட்டையின் இடுக்கில் செருகினான்.

"வேண்டாம். கட்டினபடியே இருக்கட்டும்."