ஆறு எடிட்டரும் ஒரு வணக்கமும்

கோவில்பட்டியில் ஒரு மெடிக்கல் கடைக்கு மேல்மாடியில் எஸ்தர் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறார். வயது முப்பத்தொன்று. அவரிடம் படிக்கும் வடமலைக்கு நாற்பத்தொன்பது. ஆக, இந்தக் கதையில் சீடருக்குத்தான் நரை.

வடமலை தீப்பெட்டி ஆபீசில் பண்டல் சரிபார்த்தவர். மெஷின் உள்ளே வந்தது, அவர் வெளியே வந்தார்.

சேர்ந்த அன்றே கேட்டார். "டீச்சர், புரோகிராம் எழுத எந்த எடிட்டர் நல்லது?" எடிட்டர் என்றால் புரோகிராமைத் தட்டச்சு செய்கிற மென்பொருள்.

"எழுதிப் பாருங்க அண்ணாச்சி."

அவரிடம் இருந்தது அரதப்பழசான லேப்டாப். எல்லோரும் புகழும் பெரிய எடிட்டரை அதில் ஏற்றினார். அது திறப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். திறந்த பிறகு லேப்டாப் அசையாது. அதனால் எடை குறைந்த எடிட்டர்களைத் தேடிப் புறப்பட்டார், பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி. ஒன்றில் எழுத்து சிறியது. ஒன்றில் நிறம் பிடிக்கவில்லை. இன்னொன்றில் என்ன குறை என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. மூன்று வாரம் போயிற்று.

அப்போது, அவர் விண்ணப்பித்திருந்த மதுரைக் கம்பெனி ஒன்று தேர்வுக்கு அழைத்தது. சொந்த லேப்டாப்பில், அவர்கள் கண் முன்னால் எழுதிக் காட்ட வேண்டும். பதினைந்து நாள்தான் இருந்தது. தேறினால் வேலை. தேறாவிட்டால் கல்யாண மண்டபத்து வாசலில் வாட்ச்மேன் நாற்காலி.

வடமலை பதறிக்கொண்டு வந்தார். "இப்பவாவது சொல்லுங்க டீச்சர். ஆறு எடிட்டர் வச்சிருக்கேன். எதுல எழுத?"

"ஒவ்வொண்ணாத் திறந்து, என்ன எழுதியிருக்கீங்கன்னு காட்டுங்க."

திறந்தார். முதல் எடிட்டரில், திரையில் 'வணக்கம்' என்று காட்டும் ஒற்றை வரிப் புரோகிராம். படிக்க வருகிறவர்கள் முதல் நாள் எழுதுவது. இரண்டாவதிலும் அதே. ஆறாவதிலும் அதே.

"மூணு வாரமா வாசல்ல நின்னு கும்பிட்டுக்கிட்டே இருக்கீங்க. உள்ள எப்ப வருவீங்க?"

வடமலைக்குச் சுருக்கென்றது. "ஒண்ணச் சொல்லித் தொலைச்சா என்னவாம்?" என்று கேட்டேவிட்டார்.

எஸ்தர் கோபித்துக்கொள்ளவில்லை. "அஞ்ச அழிங்க."

"எந்த அஞ்ச?"

"கண்ண மூடிட்டு அழிங்க."

அழித்தார். மிஞ்சியது மொட்டையான ஒன்று. அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்காது. தப்புக்குச் சிவப்புக் கோடு போடாது. பதினைந்து நாளும் அதில்தான் எழுதினார். புரோகிராம் ஓடாவிட்டால், பண்டல் பார்க்கிற மாதிரி திரையில் விரல் வைத்து வரி வரியாக இறங்குவார். போகப் போக, அடைப்புக்குறி விட்டுப்போன இடத்தில் விரல் தானாக நின்றது.

மதுரையில் மேனேஜர் எட்டிப் பார்த்தார். "சார், இதுலயா எழுதப் போறீங்க?"

"கணக்கச் சொல்லுங்க தம்பி."

சொன்னார். வடமலை எழுதினார். இரண்டு முறை ஓடவில்லை. விரல் வைத்துப் படித்தபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் விரலை எடுக்கவில்லை. மூன்றாம் முறை ஓடியது.

"சரியாத்தான் இருக்கு சார். ஆனா இங்க எல்லாருக்கும் பெரிய எடிட்டர்தான். அது ஓடுற லேப்டாப்பா வாங்கிட்டு அடுத்த மாசம் வாங்க."

"சரின்னா வேலையக் குடுங்க. தப்புன்னா எந்த வரின்னு காட்டுங்க."

மேனேஜர் இரண்டையும் செய்யவில்லை. வடமலை லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பஸ்ஸில்தான் பயம் வந்தது. இறங்கியதும் நேரே மாடியேறி, நடந்ததையெல்லாம் கொட்டினார்.

"திமிராப் பேசிட்டேன் டீச்சர். வேலை போச்சு."

"முதல் ரெண்டு தடவை ஏன் ஓடல?"

"ரெண்டு தப்பு இருந்துச்சு."

"யார் கண்டுபிடிச்சா?"

"நான்தான். வேற யாரு?" குரல் இன்னும் சூடாகத்தான் இருந்தது.

எஸ்தர் காலை வகுப்பின் அட்டெண்டன்ஸ் நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பதினோரு பேர். ஒருத்தருக்கும் தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியல. திங்கக்கிழமையில இருந்து அவங்களுக்கு நீங்க வகுப்பு எடுங்க. சம்பளம் உண்டு."

வடமலை நோட்டைப் பார்த்தார், தன் லேப்டாப்பைப் பார்த்தார். "இத வச்சுக்கிட்டா? பிள்ளைக சிரிக்கும் டீச்சர்."

"சிரிச்சு முடிக்கட்டும் அண்ணாச்சி. அப்புறமாப் பாடத்த ஆரம்பிங்க."