பிரதானி அளந்த சரிவு

கொன்றையாபுரி அரண்மனைக் குதிரைக்குத் தாண்டவராயரைப் பிடிக்காது. என்ன காரணமோ, குதிரையைத்தான் கேட்க வேண்டும். ஒருநாள் கீழே தள்ளிவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் கால் இரண்டும் அதன்பிறகு சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.

"வாய் தப்பித்ததே, அது போதும்" என்றார் தாண்டவராயர். அவர் பிழைப்பே வாயில்தான். ராஜா குமார பூபதியின் சபையில் விகடம் பேசுவது அவர் உத்தியோகம்.

தச்சாசாரி ஒரு நாற்காலிக்குச் சக்கரம் பூட்டிக் கொடுத்தார். தாண்டவராயர் ஊரெல்லாம் உருண்டார். சபா மண்டபத்து வாசலில் மட்டும் நின்றுவிட்டார். அங்கே ஏழு படி.

தூக்கிக்கொண்டு போகலாமே என்பீர்கள். அதுதான் முடியாது. ஆள் தோளேறி அந்த மண்டபத்துக்குள் வரும் உரிமை சாமிக்கும் ராஜாவுக்கும் மட்டும். மற்றவர்கள் தாமாகவே வர வேண்டும்.

ஆக, மூன்று வெள்ளிக்கிழமை தர்பாரிலும் படிக்குக் கீழே வெயிலில் உட்கார்ந்து, மேலே பார்த்துக் கத்தினார். விகடம் மேலே போய்ச் சேர்வதற்குள் ஆறிப்போயிற்று. மூன்றாம் வாரம் அவர் விகடம் தாமதமாய்ப் போய்ச் சேர்ந்து, வெள்ளச் சேத ஓலை வாசிக்கும்போது சபை சிரித்தது. கால் போனதற்கு அழாத மனுஷர், அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதார்.

மறுநாள் காலையில் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். யானைக் கொட்டாரத்துச் சரிவில் ஏறிப் பார்த்தார். பாதி தூரம் போய், வந்த வழியே உருண்டு வந்தார். தேர்க்கொட்டகைச் சரிவில் ஏறினார். தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளி, மூச்சு வாங்காமல் மேலே போய்விட்டார். ஆசாரி அளந்தார். ஒரு முழ உயரத்துக்குப் பன்னிரண்டு முழ நீளம். மண்டபமோ மூன்று முழ உயரம்.

"முப்பத்தாறு முழச் சரிவு வேண்டும், மகாராஜா" என்று முற்றத்தில் ராஜாவைக் கண்டு கேட்டார் தாண்டவராயர்.

பிரதானி திருமலைக்கொழுந்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் யார் பல்லக்கானாலும் கோட்டை வாசலோடு சரி. அவர் பல்லக்கு மட்டும் முற்றத்துக்குள் வந்து, படிக்கு நேர் எதிரே நிற்கும். சரிவு வந்தால் அந்த இடம் போச்சு.

"முப்பத்தாறா! முற்றமே காணாமல் போய்விடும், மகாராஜா. ஐந்து முழப் பலகை போதும். படிமேலேயே சாத்திவிடலாம். ஏறத்தானே கேட்கிறார்?"

ராஜாவுக்குக் கணக்கு வராது. "ஐந்திலும் ஏறலாம், முப்பத்தாறிலும் ஏறலாம் என்றால் ஐந்தே இருக்கட்டும்."

"இன்னொன்று" என்றார் பிரதானி. "மூன்றாம் முரசுக்குள் ஆசனத்தில் இல்லாதவன் ஆசனம் இழப்பான் என்பது சபை விதி. பாவம், நடக்க முடியாதவர் என்று மூன்று வாரம் பொறுத்தோம். பலகை போட்ட பிறகும் வராவிட்டால், என் மருமகன் இருக்கிறான். அவனும் விகடம் பேசுவான்."

அந்த மருமகன் பேசி யாரும் சிரித்ததில்லை. அவன் வாயை மூடியபோது சிலர் சந்தோஷப்பட்டதுண்டு. ஆனாலும் ராஜா தலையாட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. படியின் இருபக்கமும் கல் யாளிகள். நடுவே ஏழு படியையும் மூடிக்கொண்டு தேக்குப் பலகை. பார்வையாக இருக்கட்டும் என்று பிரதானி அதற்கு நல்லெண்ணெய் வேறு பூசச் சொல்லியிருந்தார்.

முதல் முரசு. சபையோர் யாளியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உடும்பு மாதிரி ஏறினார்கள். பிரதானியும் ஏறினார். ஏறி நின்று, கீழே பார்த்துச் சிரித்தார்.

இரண்டாம் முரசு. ராஜா வந்து அமர்ந்து தாம்பூலம் போட்டார். அதை மென்று படிக்கத்தில் துப்புவார். படிக்கம் 'டங்' என்றதும் முரசுக்காரன் மூன்றாம் அடி அடிப்பான். தலைமுறை தலைமுறையாக அதுதான் வழக்கம்.

"மகாராஜா!" கீழேயிருந்து தாண்டவராயர் குரல். "ஏறுவதைப் பிறகு பார்ப்போம். இறங்குவதில்தான் அடியேனுக்கு ஒரு சந்தேகம்."

ராஜா வாய் நிறைய வெற்றிலை. "ம்ம்?"

"சபையை விட்டுப் போகிறவர் மகாராஜாவுக்கு முதுகு காட்டக் கூடாது. கும்பிட்ட கை கும்பிட்டபடி, பின்னாலேயே இறங்க வேண்டும். இந்தப் பலகையில் அது எப்படி என்று, போட்டவரே ஒரு தடவை செய்து காட்டினால் தேவலை."

ராஜா பிரதானியைப் பார்த்துக் கையைக் காட்டினார். "ம்ம்."

பிரதானி யாளியைப் பார்த்தார். கும்பிட்ட கையால் யாளியைப் பிடிப்பது எப்படி? ஆனாலும் ராஜ கட்டளை. கும்பிட்டுக்கொண்டே ஒரு காலைப் பின்னால் வைத்தார். இரண்டாவது காலை அவர் வைக்கவில்லை. அது தானாகவே வந்தது.

பல்லக்கு வழக்கமான இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. பிரதானி நேரே அதற்குள் போய்ச் சேர்ந்தார். அப்போதும் கும்பிட்ட கை பிரியவில்லை. மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ராஜாவுக்குப் புரையேறிவிட்டது. இருமினார், திணறினார், படிக்கத்தில் துப்பினார். 'டங்!' முரசுக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு சத்தம். ஓங்கி அடித்தான்.

மூன்றாம் முரசு!

தாண்டவராயர் பல்லக்குக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

"மகாராஜா, இப்போது நாங்கள் இரண்டு பேருமே கீழே. ஆசனம் இரண்டு காலி. பிரதானியாருக்கு மருமகன் ஒருவர்தானே? இரண்டிலும் எப்படி உட்காருவார்?"

ராஜா சிரித்தார். சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நாலு வாரத்தில் முதல் தடவையாக, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது. தாண்டவராயருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இரண்டு ஆசனமும் அவரவருக்கே இருக்கட்டும்" என்றார் ராஜா. அதற்குள் வைத்தியர் வந்து பிரதானியின் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். விளாம்பழம் போல வீங்கியிருந்தது. மூன்று மாதம் கால் ஊன்றக் கூடாது என்றார்.

"அப்படியானால் சரிவு எத்தனை முழம்? ஓய் தாண்டவராயரே, சொல்லும்."

அவர் வாயைத் திறப்பதற்குள் பல்லக்குக்குள்ளிருந்து குரல் வந்தது. "நாற்பது முழம், மகாராஜா! இரண்டு பக்கமும் கைப்பிடி வைக்க வேண்டும். இந்தப் பல்லக்கை முதலில் வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள்."

"அடியேன் முப்பத்தாறுதான் கேட்டேன்" என்றார் தாண்டவராயர். "பிரதானியாருக்குத் தாராள மனசு."