வலது சக்கரம், இடது சக்கரம்

கரட்டூர்ச் சந்தையின் மணியக்காரர் செவந்தியப்பன் ரொம்ப நல்லவர். அந்த ஊருக்கு வந்த கேடே அதுதான்.

யாருடைய பிழைப்பிலும் மண் விழக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். ஊருக்கு ஒரு செக்கு, ஒரு கொல்லுப்பட்டறை, ஒரு வண்டிப்பட்டறை. அதே தொழிலோடு இன்னொருவன் வந்தால், மேற்கு எல்லையிலேயே நிறுத்தி, ஒரு சொம்பு மோர் கொடுத்து, "வேற ஊர் பாருங்க" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவார். மோர் நன்றாகத்தான் இருக்கும். குடித்துவிட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

வருஷங்கள் ஓடின. யாருடைய பிழைப்பும் கெடவில்லை. யாருக்கும் புதிதாக ஒரு பிழைப்பு வரவும் இல்லை. மீசை முளைத்த பிள்ளைகள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். சந்தை நாளில்கூட நாய்கள் நடுத்தெருவில் நிம்மதியாகத் தூங்கின. குன்றுக் கோயிலில் இருக்கும் கரட்டு வேலவருக்குத் திருவிழா வந்தால் சாமியைச் சின்னச் சப்பரத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். தேர் இழுக்க அந்த ஊரில் ஆள் ஏது?

ஒருநாள், அந்த வட்டாரத்துக்கே அதிகாரியான பட்டக்காரரிடமிருந்து ஆள் வந்தான்.

"தைநோன்பிப் பொங்கல் வரைக்கும் பாப்பாராம். அப்பவும் இப்படியே கிடந்தா, சந்தையை நடுப்பட்டிக்கு மாத்திடுவாராம்."

சந்தை போனால் கரட்டூர் போச்சு. செவந்தியப்பன் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். நேராகக் குருவிடம் போனார்.

குரு வடிவம்மை, வயதில் அவருடைய தங்கையைவிட இளையவர். மேற்கு எல்லையைத் தாண்டிப் புளியந்தோப்புக்குள் அவருடைய மடம் இருந்தது. ஊரை அதிகாரம் செய்கிற மணியக்காரர், அங்கே போனால் விறகு பிளந்து போடுவார்.

"அம்மா, ஊர் காலியாகுதுங்க. நான் யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்கலை. எங்க தப்பு நடந்துதுன்னு தெரியலை."

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மடத்துக்கு ஒரு வண்டி வேணும்" என்றார்.

"வண்டிங்களா?"

"ரெட்டை மாட்டு வண்டி."

ஊர் எரிகிறது, அம்மை வண்டி கேட்கிறார். குரு ஆயிற்றே, என்ன செய்வது!

"நம்ம வண்டிப்பட்டறை அவிநாசி ஆசாரிகிட்டச் சொல்லிடறேனுங்க. ஆனா ரொம்ப நாளாகும்."

"ஏன்?"

"அவரும் மருமகனும்தானுங்களே. எல்லாத்தையும் அவங்களே செய்யணும். பட்டை கட்டறதுக்கு வேற அமாவாசை வரணும்."

அது கரட்டூர் வழக்கம். மரச்சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டையை ஏற்ற ஒருவர் இருவர் போதாது. வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி, சுற்றி நின்று குறடு போட்டுத் தூக்கி, ஒரே மூச்சில் இறக்கித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அமாவாசையன்று யாரும் ஏர் பூட்டமாட்டார்கள். அன்றுதான் கை கொடுக்க ஆள் கிடைக்கும்.

"நேத்து எல்லையில ஒருத்தருக்கு மோர் கொடுத்தீங்களே?"

"இசக்கி ஆசாரின்னு, தெக்கத்தி ஆளுங்க. வண்டி வேலைதான். அனுப்பிச்சுட்டேன்."

"அவர் போகலை. நம்ம தோப்புலதான் இருக்கார். இங்க உங்க எல்லை இல்லையே!" அம்மை சிரித்தார். "வலது சக்கரத்தை அவிநாசி ஆசாரி செய்யட்டும். இடது சக்கரத்தை இசக்கி ஆசாரி."

"ஒரே வண்டிக்கா?"

"ஒரே வண்டிக்கு."

"அம்மா, ஒண்ணுக்கொண்ணு ஏத்த இறக்கமா வந்தா வண்டி சாஞ்சுடுமே!"

"சாயும்" என்று சொல்லிவிட்டு அம்மை கீரையைக் கழுவப் போனார்.

அவிநாசி ஆசாரி அன்று சாயங்காலமே மணியக்காரர் வீட்டு வாசலில் வந்து குதித்தார்.

"என் பட்டறைக்கு எதிர்ல புல் முளைக்கக்கூட நீங்க விட்டதில்லை. இப்ப ஒரு ஆளையே முளைக்க வச்சிருக்கீங்க! எனக்கு ரெண்டு சக்கரம் செய்யத் தெரியாதுங்களா?"

"அம்மை சொல்லிட்டாங்க" என்றார் செவந்தியப்பன். வேறு என்ன சொல்வார்?

இசக்கி ஆசாரிக்கும் ரோஷம் வந்துவிட்டது. "எடது பக்கம்னா எளப்பம்னு நெனச்சுட்டாவளோ? பாத்துக்கிடுதேன்" என்று உளியைத் தீட்டினார்.

பாதைக்கு அந்தப் பக்கம் இசக்கி ஆசாரியின் புளியமரத்தடி, இந்தப் பக்கம் எல்லையை ஒட்டி அவிநாசி ஆசாரியின் பட்டறை. இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். சக்கரத்தின் உயரம் என்ன என்று ஒருவர் மற்றவரைக் கேட்கமாட்டார். மணியக்காரர்தான் கயிற்றில் அளவெடுத்துக்கொண்டு பாதையைக் குறுக்கே தாண்டித் தாண்டி ஓடினார். ஊரில் மிச்சமிருந்தவர்கள் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த ஊரில் சிரிப்புச் சத்தம் கேட்டே நாளாகியிருந்தது.

"மணியக்காரர் கயித்தை இழுத்துப் புடிக்கறார். அளவு கூடுது" என்றார் அவிநாசி ஆசாரி.

"தொங்க விடுதாரு. கொறையுது" என்றார் இசக்கி ஆசாரி.

கடைசியில் இரண்டு பேரும் எழுந்து வந்து, கயிற்றின் ஆளுக்கொரு முனையை அவர்களே பிடித்தார்கள். அப்போது அவிநாசி ஆசாரியின் கண் எதிராளியின் ஆரக்கால்கள் மேல் போயிற்று. ஒன்றைத் தொட்டுத் தடவினார். திரும்பிப் போய், தான் செதுக்கி வைத்திருந்த ஆரக்கால்கள் அத்தனையையும் அடுப்புக்குத் தள்ளிவிட்டுப் புது மரம் எடுத்தார். மறுநாள் இசக்கி ஆசாரி எட்டிப் பார்த்தார். அவிநாசி ஆசாரி கடைந்த, அச்சு நுழையும் நடுக்குடத்தைப் பார்த்ததும் அவருக்குத் தன் குடம் பிடிக்காமல் போயிற்று.

சண்டை பார்க்க வந்தவர்கள் வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். எந்தச் சக்கரம் ஒசத்தி என்று சுற்று வட்டாரம் முழுக்கப் பேச்சாயிற்று.

அமாவாசை வந்தது. ஏர் பூட்டாத கூட்டமெல்லாம் கரட்டூர் மேற்கு எல்லையில் நின்றது. முதலில் அவிநாசி ஆசாரியின் பட்டை பழுத்தது. தூக்கினார்கள். ஒரு பக்கம் குறடு நழுவியது. பட்டை கோணிக்கொண்டு நின்றது. கூட்டம் ஐயோ என்றது.

இசக்கி ஆசாரி கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தார். நழுவிய பக்கத்தைக் குறடால் கவ்வினார்.

"அண்ணாச்சி, எறக்குங்க!"

இறங்கியது. தண்ணீர் விழுந்தது. ஆவி பறந்தது. பட்டை சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அடுத்த பட்டைக்கு யாரும் சொல்லாமலே அவிநாசி ஆசாரி போய் இசக்கி ஆசாரியின் பக்கத்தில் நின்றார்.

சாயங்காலம், அமாவாசையன்று மாடு பூட்டக்கூடாதே என்று, மனிதர்களே நுகத்தடியைப் பிடித்து மடத்து வண்டியை இழுத்தார்கள். வண்டி சாயவில்லை. ஒரு சொம்பு நீரை மேலே வைத்தால் தளும்பாது, அப்படி ஓடியது. செவந்தியப்பன் அதன் பின்னாலேயே சின்னப்பிள்ளை மாதிரி ஓடினார்.

"எனக்கொரு வண்டி வேணும். வலது சக்கரம் மாதிரியே ரெண்டும்!" என்று கத்தினான் கூட்டத்தில் ஒருவன்.

"எனக்கு இடது சக்கரம் மாதிரி!" என்றான் இன்னொருவன்.

அந்த வாக்குவாதம் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போனது. போன இடத்திலிருந்தெல்லாம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. ஒத்தைப் பட்டறைக்காக யாரும் அவ்வளவு தூரம் நடக்கமாட்டார்கள். இங்கே வந்தால் பார்த்துப் பிடித்ததை வாங்கலாம்.

குடம் கடைய ஆள் போதவில்லை. வெளியூர் போயிருந்த பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் சொல்லியனுப்பினார்கள். பட்டை அடிக்க இன்னொரு கொல்லுப்பட்டறை வந்தது. வண்டி வாங்கியவன் மாட்டுக்குச் சலங்கை கேட்டான், கயிறு கேட்டான். காத்திருந்தவன் பசி என்றான். உடனே பணியாரக்கல் ஒன்று வந்தது, அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்தது. மணியக்காரர் எல்லையில் நின்று மோர் கொடுப்பதை விடவில்லை. குடித்தவர்களுக்கு இப்போது ஊருக்குள் போகும் வழியைக் காட்டினார்.

தைநோன்பிக்குச் சந்தையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பட்டக்காரர் வந்தார். அவருடைய வண்டி எல்லையிலேயே நின்றுவிட்டது. முன்னால் அத்தனை வண்டி. இறங்கி நடந்தார். வேட்டி கசங்க, தோளில் இடி வாங்கிக்கொண்டு நடுச்சந்தைக்கு வந்து சேர்ந்தார்.

"இங்க நல்ல வண்டி யாருகிட்டக் கிடைக்கும்?"

கூட்டம் பாதி "அவிநாசி ஆசாரி!" என்றது. பாதி "இசக்கி ஆசாரி!" என்றது. கத்திய கத்தலில் கரட்டு மேலிருந்த காக்கையெல்லாம் பறந்தது.

பட்டக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மணியக்காரரே, சந்தை இங்கயே இருக்கட்டும். எனக்கும் ஒரு வண்டி. ஆளுக்கொரு சக்கரம் போடச் சொல்லுங்க."

செவந்தியப்பன் கூட்டத்துக்கு நடுவில் நின்று அழுதார். வெட்கமே படவில்லை. அவர் ஊர் பிழைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவிநாசி ஆசாரியும் இசக்கி ஆசாரியும் தோளோடு தோள் உரச அவர் வீட்டுக்கு வந்தார்கள். பார்க்கவே அவருக்கு மனம் குளிர்ந்தது.

"எல்லையில புதுசா ரெண்டு பேர் வந்து நிக்கறாங்க" என்றார் அவிநாசி ஆசாரி.

"வண்டி ஆசாரிமாரு" என்றார் இசக்கி ஆசாரி.

"அதுக்கென்னங்க?"

"எங்க பொழப்பு என்னாவறது? மோர் கொடுத்து அனுப்பிச்சுடுங்க" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

மணியக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறுபடியும் புளியந்தோப்புக்குப் போனார். அம்மை புது வண்டியில் விறகு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நேத்து வந்தவரே இன்னைக்குக் கதவைச் சாத்தச் சொல்றார். அவங்க ரெண்டு பேராலதான் ஊர் பிழைச்சுது. அவங்க பேச்சைத் தட்டவும் மனசு வரலை. வந்து நிக்கறவங்களைத் துரத்தவும் மனசு வரலை. நான் என்ன சொல்லட்டுங்க?"

அம்மை விறகை வைத்துவிட்டுச் சந்தைப் பக்கம் பார்த்தார். அங்கே இன்னும் கூட்டம் கலையவில்லை.

"மணியக்காரரே, நம்ம வேலவர் எத்தனை காலத்துக்குச் சப்பரத்துலயே போவார்? இழுக்கத்தான் இப்ப ஆள் இருக்கே. ஒரு தேருக்கு எத்தனை சக்கரம்?"