நுரை வராத குளியல் பொடி

மலைச்சரிவில் மேல்மடு, கீழ்மடு என்று இரண்டு மடுக்கள் இருந்தன. மேல்மடுவில் விலங்குகள் குளித்தன. குளித்த நீர் பாறை வழியே இறங்கிக் கீழ்மடுவில் விழுந்தது. அங்கே அல்லி என்ற தவளை தன் தலைப்பிரட்டைகளோடு வாழ்ந்தது.

அந்தக் கோடையில் காட்டில் உண்ணி பெருகியது. மானுக்கு முதுகில் உண்ணி. காட்டெருமைக்கு மடியில் உண்ணி. யானைத் தலைவி பெரியநாயகியின் காதோரம் கொத்துக் கொத்தாய் உண்ணி.

வாசன் என்ற புனுகுப்பூனை இதைப் பார்த்தது. பூந்திக்கொட்டையை ஊறவைத்து, பிசைந்து, சாறெடுத்துச் சுரைக்குடுக்கைகளில் நிரப்பியது.

"நுரைச்சாறு! நுரைச்சாறு! ஒரு கை தேய்த்தால் உண்ணி ஓடும்!"

மேல்மடு வெள்ளை நுரையால் நிறைந்தது. விலங்குகள் மேகத்துக்குள் நின்று குளிப்பது போலிருந்தது. உண்ணிகள் உதிர்ந்தன. வாசன் வாலை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

மூன்றாம் நாள் அல்லி பாறையேறி மேலே வந்தது. ஓர் இலையைப் பெரியநாயகியின் காலடியில் வைத்தது. இலையில் ஒரு தலைப்பிரட்டை. அது அசையவில்லை.

"நுரை எங்கள் வீட்டுக்கு வந்தது, தலைவி. நூறு பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்பது பேர்தான் மிச்சம். நல்ல நீர் ஊறும் ஒரு பாறைப் பொந்தில் ஒளித்து வைத்திருக்கிறேன்."

"அபாண்டம்!" என்றது வாசன். "பூந்திக்கொட்டை மரத்தில் காய்ப்பது. மரத்தில் காய்ப்பது யாரையாவது கொல்லுமா?"

"எட்டியும் மரத்தில்தான் காய்க்கிறது. ஒன்று பறித்துத் தின்று பாரேன், தம்பி!" என்றது அல்லி.

கிளையில் இருந்த மந்தி கெக்கலித்தது. "எதற்கு இந்தச் சண்டை? தவளையக்கா வேறு குட்டை பார்த்துக்கொண்டு போகலாமே!"

"இந்தக் கோடையிலா? எந்தக் குட்டை? நீயே காட்டு!"

மந்தி அடுத்த கிளைக்குத் தாவியது.

வாசன் ஒரு குடுக்கையை எடுத்து மடமடவென்று ஒரு வாய் குடித்தது. கசப்பில் முகம் கோணியது. பெரிய ஏப்பம் வந்தது. ஏப்பத்தோடு ஒரு நுரைக்குமிழி பறந்தது.

"பார்த்தீர்களா? நின்றுகொண்டுதானே இருக்கிறேன்!"

விலங்குகள் ஆரவாரம் செய்தன. அல்லி காத்திருந்தது. சத்தம் அடங்கியதும் சொன்னது:

"நீ ஒரு வாய் குடித்தாய். நாங்கள் அதற்குள்ளேயே மூச்சு விடுகிறோம். எனக்குத் தோலும் ஒரு மூக்குதான். இப்போது பார்!"

குளித்த நீர் தேங்கியிருந்த பாறைக்குழியில் அது குதித்தது. முதலில் நீந்தியது. பிறகு கால்கள் தளர்ந்தன. கண்கள் பாதி மூடின. வெள்ளை வயிறு மெல்ல மேலே திரும்பியது.

எல்லோருக்கும் முன்னால் நின்றது வாசன்தான். தான் செய்த பொருள் என்ன செய்கிறது என்பதை அது அன்றுதான் பார்த்தது. பாய்ந்து, அல்லியைப் பல் படாமல் கவ்வி, ஊற்று பிறக்கும் இடத்துக்கு ஓடியது. சுத்தமான நீரில் வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அல்லியின் தொண்டை துடித்தது.

"என் கையால் செய்தேன்" என்று வாசன் முனகியது. "என் கையால்."

பெரியநாயகி துதிக்கையை உயர்த்தியது.

"இனி இது காட்டின் சட்டம். மடுவில் கலக்கும் எதுவும் முதலில் கீழே இருப்பவர்களின் சோதனையில் தேறவேண்டும். பெரியவன் குடித்துக் காட்டினால் போதாது. சின்னவன் மூச்சு விட்டுக் காட்டவேண்டும். குடுக்கைக்குள் என்ன இருக்கிறது என்பதையும் கூவிச் சொல்லித்தான் விற்கவேண்டும்!"

"அப்போ உண்ணிக்கு என்ன வழி?" என்று காட்டெருமை கத்தியது.

"வாசா, இதைச் செய்யத் தெரிந்த உனக்கு வேறொன்று செய்யத் தெரியாதா? வேர், இலை, மண், எது வேண்டுமோ கேள். நாங்கள் சுமந்து வருகிறோம். நீ செய்வது சோதனையில் தேறினால், என் கூட்டம் நாற்பது பேரும் அதைத்தான் பூசுவோம்."

வாசன் வேலையைத் தொடங்கியது. சாம்பலைக் கரைத்தது. அல்லி விரல் நுனியை வைத்துவிட்டு எடுத்தது. "எரிகிறது." காட்டு எலுமிச்சையைப் பிழிந்தது. "கடிக்கிறது." அதெல்லாம் மடுவுக்கு எட்டாத குழியில் போய்ப் புதைந்தது.

உண்ணி மறுபடியும் ஏறியது. பாறையில் உரசி உரசிப் பெரியநாயகியின் காதுத் தோல் உரிந்துபோனது. ஒரு நாள் மந்தி பதுங்கி வந்தது.

"தலைவி, பழைய சாறு ஒரு குடுக்கை வைத்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது."

"கீழ்மடுவுக்குத் தெரியும்" என்றது பெரியநாயகி. குடுக்கை குழிக்குள் போனது.

இருபதாம் நாள் வாசன் ஒரு பொடியோடு வந்தது. வெள்ளைக் களிமண், காட்டுப்பயறு மாவு, வெட்டிவேர். அவ்வளவுதான். பாறைக்குழியில் நல்ல நீர் நிரப்பி, பொடியைக் கரைத்தது. அல்லி குழியையே பார்த்துக்கொண்டு நின்றது.

தண்ணீர் என்றாலே முகம் சுளிக்கும் வாசன் கழுத்தளவு நீரில் இறங்கியது.

"நீ ஏன் இறங்குகிறாய்?"

"நான் செய்தது, அக்கா. நானும் இருக்கிறேன். உன் கால் தளர்ந்தால் நொடியில் தூக்கிவிடுவேன்."

அல்லி குதித்தது. வெயில் ஏறியது. காடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. உச்சிப்பொழுதில் குழிக்குள்ளிருந்து ஒரு குரல் கணீரென்று எழுந்தது.

"கொர்ர்க்! வாயெல்லாம் மண். ஆனால் மூச்சு வருகிறது!"

பெரியநாயகி முதல் ஆளாகப் பூசிக்கொண்டது.

"நுரையே வரவில்லையே! இதெல்லாம் ஒரு குளியலா?" என்று மான் முணுமுணுத்தது.

"நுரையைப் பார்க்காதே. உண்ணியைப் பார்!" என்றது பெரியநாயகி.

வெயிலில் களிமண் காய்ந்து வெடித்தது. வெடித்த மண்ணோடு உண்ணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. கழுவிய நீர் கீழ்மடுவுக்கு இறங்கியது. பயறுமாவின் துகள்களை, பொந்திலிருந்து திரும்பி வந்த ஒன்பது தலைப்பிரட்டைகளும் துரத்தித் துரத்தித் தின்றன.

மழைக்காலம் வந்தது. ஒன்பதும் தவளைகளாகிப் பாடின. இறந்தவை இறந்தவைதான். அல்லி சில மாலைகளில் பாடாமல் இருக்கும். அப்போது வாசனும் கூவாது.

மற்ற நாட்களில் அது கீழ்மடுவின் கரையிலேயே கடை போட்டது. "களிமண்! காட்டுப்பயறு! வெட்டிவேர்! மறைத்தது எதுவும் இல்லை!" அதன் வால் மறுபடியும் நிமிர்ந்திருந்தது.

அடுத்த மலையிலிருந்து வந்த கரடி ஒன்று வியந்தது. "இத்தனை பேர் குளிக்கிறீர்கள். கீழ்மடு எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது?"

மான், காட்டெருமை, மந்தி எல்லாம் ஒரே குரலில் கூறின: "அது எங்கள் காட்டுச் சட்டம்!"

ஒரு பொருள் நல்லதா என்பதை, அது கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் வாழும் எளியவரின் மூச்சைக் கொண்டே அளக்கவேண்டும்.