அரண்மனையில் திரண்டது என்ன?

நெடுநாளைக்கு முன்னே வேம்பனூர் நாட்டைக் கண்டராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். வீரன்தான், ஆனால் சந்தேகம் பிடித்தவன். காவலாளி தும்மினால்கூட யாருக்கோ சைகை காட்டுகிறான் என்று நினைப்பான்.

அவன் சபையில் வில்லவராயர் என்றொரு பிரபு இருந்தார். அமைச்சர் மங்கலநாதர்மேல் அவருக்குத் தீராத பொறாமை. ஒரு நாள் காலை மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“அரசே, சதி! சமையற்காரி செல்லாயி யாரிடமோ பேசியதை என் காதால் கேட்டேன். ‘நல்லாத் திரண்டு வருது, சீக்கிரம் ஒண்ணாச் சேர்ந்துடும், அரசருக்குத் தெரியக் கூடாது’ என்றாள். எங்கேயோ ஆட்கள் திரளுகிறார்கள்! அவளை வேலைக்குச் சேர்த்ததே நம் அமைச்சர்தான்.”

அரசன் முகம் இருண்டது. செல்லாயியை இழுத்துவந்தார்கள்.

“சாமி, திரண்டது வெண்ணெய்!” என்று அழுதாள் அவள். “இருமல் தீர்ற வரைக்கும் உங்களுக்கு வெண்ணெய் ஆகாதுன்னு வைத்தியர் சொல்லியிருக்கார். தெரிஞ்சா நீங்க கேப்பீங்களே!”

“கேட்பேன்தான்,” என்றான் அரசன். ஆனாலும் நம்பவில்லை. “வெண்ணெய்க்கும் படைக்கும் ஒரே சொல்லா? அமைச்சரே, விளக்கும். இல்லாவிட்டால் இருவர் தலையும் போகும்.”

மங்கலநாதர் தயிர்ப்பானையும் மத்தும் வரவழைத்து, சபை நடுவிலேயே கடையச் சொன்னார். பொட்டுப் பொட்டாக மிதந்த வெண்ணெய் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டது.

“பாருங்கள் அரசே. சிதறிக் கிடந்தது ஒன்றாய்க் கூடினால் திரள்வது. கூடி உருண்டது திரளை. வெண்ணெய் கூடினாலும், ரத்தம் உறைந்தாலும், சனம் சேர்ந்தாலும் நாம் சொல்வது அந்த ஒரே சொல்லைத்தான். எது திரண்டது என்று பாராமல் தலையை வாங்கலாமா?”

“வெறும் வார்த்தை ஜாலம்!” என்றார் வில்லவராயர். “அரசருக்கு மறைத்துப் பேசுகிறவர்கள் எல்லாரும் சதிகாரர்கள்தான்.”

“அப்படியா?” என்றார் மங்கலநாதர். “நேற்று வைத்தியர் வீட்டு வாசலில் ஒருவர் பேசியதை நானும் கேட்டேன். ‘நன்றாகப் பழுத்துவிட்டது, நாளைக்குக் கத்தி வைத்துவிடலாம், அரசருக்குத் தெரியக் கூடாது’ என்றார். பேசியவர் இதோ, நம் வில்லவராயர்.”

அரசன் வாளை உருவிவிட்டான். “பழுத்தது யார்? நானா?”

“ஐயோ, கட்டி அரசே! எனக்குக் கட்டி!”

“எங்கே? காட்டும்!”

வில்லவராயர் நெளிந்தார். “சபையில் காட்டக்கூடிய இடத்தில் இல்லை, அரசே…”

காவலர்கள் அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். “உண்மைதான், அரசே. எலுமிச்சம்பழம் அளவு!”

சபையே குலுங்கியது. அரசனும் இருமல் வரும்வரை சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிச் செல்லாயியிடம் கொடுத்தான். அமைச்சரைத் தன் பக்கத்தில் அமர்த்திக்கொண்டான். வில்லவராயர் செல்லாயியிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்கும்வரை விடவில்லை.

“சரி, மன்னித்தோம்,” என்றான் அரசன். “இப்போது உட்காரும்.”

“பரவாயில்லை அரசே,” என்றார் வில்லவராயர். “நிற்கிறேன்.”